யாயும் ஞாயும் யாரோ? குடும்ப ரகசியமும் பழிவாங்கலும் கலந்த காதல் கதைகள்: ஓர் எளிய அறிமுகம்

பெரிய வீடு ஒன்று. அந்த வீட்டில் யாரும் உச்சரிக்கக் கூடாத பெயர் ஒன்று. வேறொரு பெயரைச் சொல்லிக்கொண்டு உள்ளே வருகிறான் ஒருவன். அந்த வீட்டுப் பெண்ணுக்கு அவனைப் பிடித்துப்போகிறது. அவனுக்கும் பிடித்துப்போகிறது, ஆனால் அவன் வந்த காரியம் வேறு. காதல் நாவல் வாசிக்கத் தொடங்கும் பலரும் முதலில் மாட்டிக்கொள்வது இப்படி ஒரு கதையில்தான். நானும் அப்படித்தான் மாட்டினேன். இன்றுவரை வெளியே வர மனமில்லை. இந்தக் கதைகள் எதனால் நம்மை விடிய விடிய விழித்திருக்க வைக்கின்றன, நல்லது எது, ஏமாற்று எது என்று புதிதாக வாசிக்க வருபவர்கள் கேட்பதுண்டு. அவர்களுக்காகவும், இப்படி ஒன்றை எழுதிப் பார்க்கலாமே என்று நினைப்பவர்களுக்காகவும் இதை எழுதுகிறேன்.

தமிழ் படித்த எல்லோருக்கும் தெரிந்த ஒரு பாட்டிலிருந்து தொடங்கலாம். குறுந்தொகையின் 40-ஆம் பாட்டு. என் தாயும் உன் தாயும் ஒருவருக்கொருவர் என்ன வேண்டும்? என் தந்தையும் உன் தந்தையும் எந்த முறையில் உறவு? நீயும் நானும் ஒருவரை ஒருவர் எப்படி அறிந்தோம்? இப்படி மூன்று கேள்வி கேட்டுவிட்டு, செம்மண்ணில் பெய்த மழை போல நம் நெஞ்சங்கள் கலந்துவிட்டன என்று முடியும். அந்தக் கேள்விகளுக்குப் பதில், 'ஒன்றுமே இல்லை' என்பதுதான். இரண்டு குடும்பத்துக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லாமல் இருந்தும் கலந்தோமே என்பது அந்தக் காதலின் பெருமை.

நாம் பேசப்போகும் வகைக் கதையும் அதே கேள்வியைத்தான் கேட்கிறது. ஆனால் பதில் வேறு. உன் தந்தையும் என் தந்தையும் ஒரு காலத்தில் ஒரே மேசையில் உட்கார்ந்து கணக்குப் பார்த்தவர்கள். பிறகு உன் தந்தை என் தந்தையைச் சிறைக்கு அனுப்பினார். மழை பெய்து, நீர் சிவந்து, கலந்த பிறகுதான் இது தெரியவருகிறது. கலந்த நீரை இனி எப்படிப் பிரிப்பது? கதை முழுக்க இந்த ஒரு தவிப்புதான்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம். காதல் வருகிற கதை எல்லாம் காதல் நாவல் ஆகிவிடாது. 1980-ல் தொடங்கிய 'ரொமான்ஸ் ரைட்டர்ஸ் ஆஃப் அமெரிக்கா' என்ற எழுத்தாளர் சங்கம் இதற்கு இரண்டே நிபந்தனை சொல்கிறது: கதையின் நடுவில் காதல் இருக்க வேண்டும், முடிவு மனதுக்கு நிறைவாகவும் நம்பிக்கை தருவதாகவும் இருக்க வேண்டும். நம் வாசகர்கள் ஒரே சொல்லில் சொல்வார்கள்: சுபம். இந்த அளவுகோலை வைத்தால் சில பிரபலமான கதைகள் வெளியே போய்விடும். எமிலி பிராண்டியின் 'வதரிங் ஹைட்ஸ்' 1847-ல் வந்தது. காதலும் பழியும் குடும்பமும் அதைவிட இறுக்கமாகப் பின்னிய நாவல் குறைவு. ஆனாலும் ஹீத்கிளிஃப், கேத்தரின் காதல் அவர்கள் வாழும்போது சேர்வதில்லை. 1844 முதல் 1846 வரை தொடராக வந்த அலெக்சாண்டர் டூமாவின் 'மான்டி கிறிஸ்டோ பிரபு' நாவலில் எட்மண்ட் டான்டெஸ் தன் பழைய காதலி மெர்சிடிஸோடு சேர்வதில்லை. இரண்டும் பழிவாங்கும் கதைகள். அவற்றுக்குள் காதல் ஓடுகிறது. காதல் நாவலில் இது தலைகீழ். பழி என்பது காதலைச் சோதிக்க வந்த விருந்தாளி, வீட்டுக்காரர் காதல்தான்.

சந்தேகம் வந்தால் இப்படிச் சோதித்துப் பார்க்கலாம். கடைசி அத்தியாயத்துக்கு முந்தைய அத்தியாயத்தில் நில்லுங்கள். உங்கள் மனம் எதைத் தெரிந்துகொள்ளத் துடிக்கிறது? வில்லனுக்குத் தண்டனை கிடைத்ததா என்றால் அது பழிக்கதை. அவள் அவனை மன்னிப்பாளா என்றால் காதல் கதை.

அகமும் புறமும் ஒரே வீட்டில்

நம் இலக்கணம் காதலை அகம் என்றும் போரைப் புறம் என்றும் பிரித்தது. தொல்காப்பியம் இன்னொரு விதியும் சொல்கிறது: அகப்பாட்டில் தலைவன், தலைவி யாரையும் பெயர் சுட்டிச் சொல்லக் கூடாது. புறப்பாட்டில்தான் இன்ன அரசன், இன்ன குடி என்று பெயர் வரும். இந்த விதியை மனதில் வைத்துக்கொண்டு பழிவாங்கும் காதல் கதை எதையாவது வாசித்துப் பாருங்கள். கதாநாயகன் பெரும்பாலும் பொய்ப் பெயரில் வருவான். அவளோடு தனியாக இருக்கும்போது அவன் வெறும் 'அவன்'. யாருடைய மகன், எந்தக் குடும்பம் என்ற கேள்வியே எழாது. அவனுடைய உண்மைப் பெயர் வெளிப்படும் நொடியில் அப்பா, தாத்தா, வழக்கு, சொத்து என்று புறம் மொத்தமும் அந்த அறைக்குள் வந்து நிற்கும். பெயர் வெளிப்படும் காட்சி இந்தக் கதைகளில் அவ்வளவு பெரிய காட்சியாக இருப்பது இதனால்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. பெயரில்லாமல் காதலித்தவர்கள், பெயரோடு காதலிக்க முடியுமா என்று பார்க்க வேண்டியிருக்கிறது.

சரி, ரகசியத்துக்கு வருவோம்.

குடும்ப ரகசியங்கள் எத்தனை விதமாக இருந்தாலும் பெரும்பாலும் மூன்று ஊற்றிலிருந்து வரும்: ஒரு பிறப்பு, ஒரு குற்றம், ஒரு சொத்து. யார் யாருடைய பிள்ளை, யார் செய்ததற்கு யார் தண்டனை அனுபவித்தார், யாருக்குச் சேர வேண்டியது யார் கையில் இருக்கிறது. இதைப் பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை, வாசிக்க வாசிக்கத் தானே பிடிபடும். புதிதாக எழுத வருபவர்கள் ரகசியம் பெரிதாக, அதிர்ச்சியாக இருக்க வேண்டும் என்று நினைத்து இங்கேயே எல்லா உழைப்பையும் செலவழிப்பார்கள். ட்விஸ்ட்டுக்கு மேல் ட்விஸ்ட் வரும். இத்தனை வருடம் வாசித்ததில் நான் கண்டது வேறு. வாசகரைக் கலங்க வைப்பது அந்த ரகசியம் எவ்வளவு பெரியது என்பதல்ல. காதலிப்பவருக்கு அது தெரிந்த நாளுக்கும் அவர் அதைச் சொன்ன நாளுக்கும் நடுவில் எத்தனை நாள் போனது என்பதுதான்.

நாமே ஒரு சின்னக் கதையைக் கட்டிப் பார்க்கலாம். இரண்டு பங்குதாரர்கள் சேர்ந்து நடத்திய தொழிற்சாலை. ஓர் இரவு தீப்பிடிக்கிறது. காவலாளி ஒருவர் இறந்துபோகிறார். பழி ஒரு பங்குதாரர் தலையில் விழுகிறது. அவர் சிறைக்குப் போய் அங்கேயே இறக்கிறார். 25 வருடம் கழித்து அவருடைய மகன், வேறு பெயரில், மற்றப் பங்குதாரரின் நிறுவனத்தில் வேலைக்குச் சேர்கிறான். அவருடைய ஒரே மகளைத் தன்னைக் காதலிக்க வைத்து, நடுச்சபையில் உதறிவிட்டு, அந்த மனிதரைத் தலைகுனிய வைப்பது அவன் திட்டம். இதுவரை ஆயிரம் முறை கேட்ட கதைதான்.

இப்போது உள்ளே ஒன்றை வைப்போம். அந்தப் பெண் அவருடைய மகள் இல்லை. தீயில் இறந்த காவலாளியின் குழந்தை. தீக்குக் காரணமான மனிதர், உறுத்தல் தாங்காமல் அந்தக் குழந்தையைத் தூக்கி வந்து தன் மகளாகவே வளர்த்துவிட்டார். காவலாளிக்கு ஒரு தங்கை உண்டு. அண்ணன் குழந்தை என்ன ஆனது என்று அத்தனை வருடமும் தேடிக்கொண்டிருக்கிறாள் அந்த அத்தை. ஆக, அவன் யாரை அடித்தால் எதிரிக்கு வலிக்கும் என்று நினைத்தானோ, அவள் அதே தீயில் அவனைவிட அதிகம் இழந்தவள்.

இது அவனுக்கு 18-ஆம் அத்தியாயத்தில் தெரியவருகிறது என்று வைத்துக்கொள்வோம். அந்த அத்தையைத் தற்செயலாகச் சந்திக்கிறான், அவள் ஒரு புகைப்படம் காட்டுகிறாள். அடுத்த அத்தியாயத்தில் நம் கதாநாயகி அவனைத் தன் வீட்டுக்குக் கூப்பிட்டுப் பழைய ஆல்பத்தைப் பிரிக்கிறாள். அப்பாவின் தொழிற்சாலைத் திறப்பு விழாப் படம். முன்வரிசையில் கோட்டு போட்டவர்கள். ஓரத்தில், பாதி வெட்டுப்பட்ட மாதிரி, தொப்பியைக் கொஞ்சம் சாய்த்து வைத்த ஒரு காவலாளி.

"இவர் யாருன்னு அப்பாகிட்ட கேட்டா, யாரோ வேலைக்காரர்னு சொல்வார். ஆனா சின்ன வயசுல இந்தப் படத்தைத்தான் நான் அதிகம் பார்ப்பேன். ஏன்னு தெரியல."

அவன் அந்தத் தொப்பியைப் பார்க்கிறான். நேற்று அத்தையின் வீட்டில் பார்த்த அதே சாய்வு. வாயைத் திறக்கிறான். பிறகு, "அடுத்த படம் உங்க பிறந்தநாளா?" என்று கேட்டுக்கொண்டே பக்கத்தைத் திருப்பிவிடுகிறான்.

கதையின் இதயம் இங்கே இருக்கிறது. தீ அவன் வைத்ததில்லை. அவளைத் தூக்கிவந்தது அவன் இல்லை. பொய்ப் பெயரைக்கூட, அவளை அறியாத நாளில் சொன்னது என்று சமாதானம் சொல்லலாம். ஆனால் அந்தப் பக்கத்தைத் திருப்பியது அவன் கை. 31-ஆம் அத்தியாயத்தில் உண்மை எல்லாம் வெளிவரும்போது அவள் தீயைப் பற்றிக் கேட்க மாட்டாள், சொத்தைப் பற்றிக் கேட்க மாட்டாள். "அன்னைக்கு ஆல்பம் காட்டினேனே, அப்பவே உங்களுக்குத் தெரியுமா?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்பாள். அவன் "தெரியும்" என்பான். 19-க்கும் 31-க்கும் இடையில் அவர்கள் சிரித்த ஒவ்வொரு சிரிப்பும் அந்த ஒரு சொல்லில் வேறு நிறமாகிவிடும்.

எழுத நினைப்பவர்கள் ஒரு தாளை எடுத்து, கதையில் வரும் ஒவ்வொருவர் பெயருக்கும் எதிரே அவருக்கு ரகசியம் எந்த அத்தியாயத்தில் தெரிகிறது, எந்த அத்தியாயத்தில் சொல்கிறார் என்று எழுதி வைத்துக்கொள்ளுங்கள். வாசகருக்கும் ஒரு வரி போடுங்கள். மேலே சொன்ன கதையில் வாசகருக்கு அவனோடு சேர்ந்தே தெரிந்துவிடுகிறது. அதனால்தான் ஆல்பம் காட்சியில் நமக்கு மூச்சு முட்டுகிறது. கடைசிவரை வாசகரிடமும் மறைத்து, கிளைமாக்ஸில் போட்டு உடைத்திருந்தால் ஒரு நிமிட அதிர்ச்சி கிடைத்திருக்கும். இங்கே 12 அத்தியாயப் பதைப்பு கிடைக்கிறது. தொடராக வரும் கதைகளில் 'அடுத்த எபி (எபிசோட்) எப்போ' என்று வாசகர்கள் துடிப்பதெல்லாம் பெரும்பாலும் இந்தப் பதைப்பினால்தான்.

தெரிந்தும் சொல்லாத காலத்தின் கனத்தைக் காட்ட, நமக்கெல்லாம் தெரிந்த ஒரு தாய் இருக்கிறாள். மகாபாரதத்தில் குந்தி. இளவரசர்கள் வித்தை காட்டும் அரங்கில் கர்ணன் வந்து நிற்கும்போதே, கவச குண்டலத்தோடு நிற்பவன் யார் என்று அவளுக்குத் தெரிந்துவிடுகிறது, மயங்கி விழுகிறாள். ஆனால் அவனிடம் போய்ச் சொல்வது போர் தொடங்கவிருக்கும் நேரத்தில். தருமனுக்குத் தெரிவதோ கர்ணன் இறந்த பிறகு. அது காதல் கதை இல்லை. ஆனாலும் தொலைந்த உறவைப் பற்றி எழுத வரும் யாரும் அந்த மூன்று நாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். தருமன் அழுவது அண்ணன் இறந்ததற்காக மட்டும் இல்லை. அம்மாவுக்கு இத்தனை நாளும் தெரிந்திருந்ததே என்பதற்காகவும்தான்.

அடையாளம் தெரியும் காட்சி

தொலைந்த உறவு என்றால் ஒரு கட்டத்தில் அடையாளம் தெரிந்தாக வேண்டும். இதைப் பற்றிக் கிறிஸ்து பிறப்பதற்கு 300 ஆண்டுகளுக்கும் முன்பே அரிஸ்டாட்டில் விரிவாக எழுதி வைத்திருக்கிறார். அவருடைய 'கவிதையியல்' நூலில், தழும்பு, அணிகலன் போன்ற அடையாளப் பொருளைக் காட்டி உறவை நிறுவுவது கலைத்திறன் குறைந்த வழி என்கிறார். கதையின் நிகழ்வுகளிலிருந்தே தானாக விளைவது சிறந்தது. அடையாளம் தெரிவதும் வாழ்க்கை தலைகீழாவதும் ஒரே நொடியில் நடந்தால் அதைவிட நல்லது வேறில்லை.

தழும்பு என்றதும் அதை முழுக்க ஒதுக்கிவிட வேண்டியதில்லை. ஹோமரின் 'ஒடிசி'யில் 20 வருடம் கழித்துப் பிச்சைக்காரன் வேடத்தில் வீடு திரும்புகிறான் ஒடிசியஸ். அவன் கால் கழுவ வரும் கிழச் செவிலித்தாய், தொடையில் காட்டுப்பன்றி குத்திய பழைய தழும்பைத் தொட்டதும் அடையாளம் கண்டுகொள்கிறாள். அவன் தழும்பைக் காட்டவில்லை, மறைக்கத்தான் பார்க்கிறான். அவனைச் சிறு வயதிலிருந்து வளர்த்த கை அதைக் கண்டுபிடித்துவிடுகிறது. அதனால்தான் அந்தக் காட்சி இன்றும் நெஞ்சைத் தொடுகிறது. மான்டி கிறிஸ்டோ பிரபுவாக வேறு மனிதனாகித் திரும்பும் டான்டெஸை மெர்சிடிஸ் குரலை வைத்தே அறிந்துகொள்வதும் இதே வகைதான். அடையாளப் பொருள் எதுவாகவும் இருக்கட்டும். அதைக் கண்டுகொள்பவருக்கும் அந்த மனிதருக்கும் முன்பு இருந்த நெருக்கம் அதில் தெரிய வேண்டும். யாரோ ஒரு வக்கீல் பாதி லாக்கெட்டோடு வந்து நின்றால் நமக்கு ஒன்றும் ஆகாது.

இக்காலக் கதைகளில் லாக்கெட்டின் இடத்தை மருத்துவமனை பிடித்துக்கொண்டது. விபத்து, ரத்தம் தேவை, ரத்த வகை பொருந்தவில்லை, 'அப்படியானால் நீ என் மகன் இல்லை' என்று கதை திரும்பும். இங்கே பலர் சறுக்குகிறார்கள் என்பதால் கொஞ்சம் விளக்கமாகச் சொல்கிறேன். ஏ, பி, ஓ ரத்த வகைகளைக் கார்ல் லாண்ட்ஸ்டெய்னர் கண்டறிந்தது 1900-ஐ ஒட்டி. பெற்றோர் இருவருமே ஓ என்றால் பிள்ளையும் பொதுவாக ஓ தான். பெற்றோரில் ஒருவர் ஏபி என்றால் பிள்ளை பொதுவாக ஓ ஆக முடியாது. ஆனால் ஒருவர் ஏ, மற்றவர் பி என்றால், அவர்களுடைய மரபணுக்களைப் பொறுத்து, பிள்ளைக்கு நான்கு வகையில் எதுவும் வரலாம். அப்பா ஏ, அம்மா பி, பிள்ளை ஓ என்று எழுதிவிட்டு அதை வைத்துக் குடும்பத்தையே பிரித்துவிடும் கதைகளை வாசித்து வருத்தப்பட்டிருக்கிறேன். 'பொதுவாக' என்று நான் சொன்னதற்கும் காரணம் உண்டு. 1952-ல் முதலில் விவரிக்கப்பட்ட பம்பாய் ரத்த வகை இருக்கிறதே, அது சாதாரணச் சோதனையில் ஓ போலவே தெரியும். உள்ளே ஏ அல்லது பி மரபணு இருக்கலாம். இருவரும் ஓ என்று நினைத்த பெற்றோருக்கு ஏ பிள்ளை பிறக்க அப்படி ஒரு வழி உண்டு. ஓர் அப்பா தன் மகனைத் தவறாகச் சந்தேகித்துப் பத்து வருடத்தை இழந்துவிட்டார் என்று எழுத விரும்புபவருக்கு இதைவிட நல்ல வாசல் கிடைக்காது.

டிஎன்ஏ சோதனையும் அப்படித்தான். 1984-ல் லெஸ்டர் பல்கலைக்கழகத்தில் அலெக் ஜெஃப்ரிஸ் டிஎன்ஏ கைரேகை முறையைக் கண்டுபிடித்தார். அடுத்த ஆண்டே அது பயன்பட்டது ஒரு குடியேற்ற வழக்கில், ஒரு சிறுவன் அவன் தாயின் மகன்தான் என்று நிறுவ. கொலைகாரனைப் பிடிக்கும் முன்பே அது ஒரு தாயையும் பிள்ளையையும் சேர்த்து வைத்தது என்பது எனக்கு மிகவும் பிடித்த செய்தி. இன்றைய சோதனைகளில் உடன்பிறந்தவர்கள் சுமார் 50 சதவீதம் டிஎன்ஏ பகிர்வார்கள்; தாய் அல்லது தந்தை ஒருவர் மட்டும் பொதுவானால் சுமார் 25 சதவீதம்; அண்ணன், தம்பிகளின் பிள்ளைகள் தமக்குள் சுமார் 12.5. இதில் கதைக்காரருக்குப் பிடித்தமான ஒரு சிக்கல் இருக்கிறது. தாய்மாமாவுக்கும் அவருடைய அக்கா மகளுக்கும், தாத்தாவுக்கும் பேத்திக்கும்கூட அதே 25 சதவீதம்தான். வெறும் எண்ணை வைத்து, எதிரே நிற்பவர் தாயோ தந்தையோ ஒருவர் மட்டும் பொதுவான அண்ணனா, சித்தப்பாவா என்று சொல்லிவிட முடியாது. வயதையும் குடும்பக் கதையையும் யாராவது வாய் திறந்து சொன்னால்தான் தெரியும். ஆக, சோதனை வந்த பிறகும் ரகசியம் மனிதர்கள் கையில்தான் இருக்கிறது.

காதலர்கள் உடன்பிறந்தவர்களாக இருந்துவிடுவார்களோ என்ற பயத்தைக் கிளப்பி, கடைசியில் 'இல்லை' என்று ஆறுதல் தரும் கதைகளும் நிறைய உண்டு. எனக்கு அவை அவ்வளவாக ஒட்டுவதில்லை. அந்தப் பயம் காதலர்களைச் சோதிப்பதில்லை. அவர்கள் செய்யக்கூடியது ஒன்றுமில்லை, காகிதத்துக்காகக் காத்திருக்கிறார்கள், அவ்வளவுதான்.

அதைவிடக் கனமான கேள்வி, திரும்பி வந்த உறவு எங்கே உட்காருவது என்பது. நம் கதையில் அத்தை வந்துவிட்டாள். 25 வருடம் தேடியிருக்கிறாள். கதாநாயகிக்கோ அவள் முன்பின் தெரியாத ஒரு பெண்மணி. கட்டிப்பிடித்து அழும் காட்சியை எழுதுவது சுலபம். மறுநாள் காலையை எழுதுவது கஷ்டம்: என்ன பேசுவது, எப்படிக் கூப்பிடுவது, வளர்த்தவரை அப்பா என்று கூப்பிட்ட வாய் இனி என்ன சொல்லும்? வெளியுலகிலும் இதற்குச் சட்டமே தேவைப்பட்டது. தத்துக் கொடுக்கப்பட்டவர்கள் 18 வயதுக்கு மேல் தங்கள் அசல் பிறப்புப் பதிவைக் கேட்டு வாங்கும் உரிமை இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 1975-ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூலம்தான் வந்தது. அந்தத் தாளை வாங்கிய பிறகு என்ன செய்வது என்று எந்தச் சட்டமும் சொல்லித் தராது. அங்கேதான் நாவலுக்கு வேலை. அத்தையை உண்மை சொல்லிவிட்டுப் போகும் தபால்காரியாக மட்டும் வைத்துவிடாதீர்கள். அவளுக்கும் அந்த 25 வருடத்தில் ஒரு வாழ்க்கை இருந்திருக்கும், கோபமும் இருந்திருக்கும்.

பழியும் மன்னிப்பும்

பழிவாங்க வருபவன் மனதில் ஒரு கணக்குப் புத்தகம் இருக்கும். நீ என் அப்பாவை எடுத்தாய், நான் உன் மகளை எடுப்பேன். கணக்கு என்பதால் அதில் மனிதர்கள் வெறும் எண்கள். காதல் உள்ளே வந்ததும் ஓர் எண்ணுக்கு முகம் வந்துவிடுகிறது. அதற்கப்புறம் கூட்டல் கழித்தல் வராது.

இந்த மாற்றத்தைப் பெரியவர்கள் எப்படி எழுதியிருக்கிறார்கள் என்று பாருங்கள். ஹீத்கிளிஃப், தன்னை அவமதித்த இரண்டு குடும்பத்தின் சொத்தையும் பிடுங்கி, அடுத்த தலைமுறைவரை வதைக்கிறான். முழுதாக நசுக்கிவிடும் தூரத்துக்கு வந்த பிறகு, ஒரு நாள் அந்த இரண்டு இளைஞர்களும் தலை நிமிர்ந்து அவனைப் பார்க்கிறார்கள். இருவர் கண்களும் இறந்துபோன கேத்தரினின் கண்கள். ஒருத்தி அவள் மகள், மற்றவன் அவள் அண்ணன் மகன். அதோடு அவனுக்கு அடிக்கக் கை எழவில்லை. குடும்பச் சாயல் என்ற ஒன்று, எந்த வக்கீலும் போலீஸும் செய்யாததைச் செய்துவிடுகிறது. டான்டெஸுக்கு அது வேறு விதமாக வருகிறது. 14 வருடச் சிறைக்குப் பழி தீர்க்கப் போட்ட திட்டத்தில் ஒரு சின்னப் பையன் இறந்துபோகிறான். அந்தப் பிணத்தைப் பார்த்த பிறகுதான், இதைச் செய்ய நமக்கு உரிமை இருக்கிறதா என்ற கேள்வி முதன்முதலாக அவனை உலுக்குகிறது.

இப்போது வரும் ஆன்டி ஹீரோ கதைகளில் இந்த உலுக்கலைத்தான் நான் தேடுகிறேன், பல முறை கிடைப்பதில்லை. முப்பது அத்தியாயம் அவளை அவமானப்படுத்துவான், அடைத்து வைப்பான், சில கதைகளில் கை நீட்டவும் செய்வான். பிறகு ஒரு ஃபிளாஷ்பேக். சிறுவயதில் அவனுக்கு நடந்த கொடுமை. உடனே அவள் உருகிவிடுவாள். அவன் ஏன் அப்படி ஆனான் என்பதை ஃபிளாஷ்பேக் நமக்குப் புரியவைக்கும். அவள் சார்பில் மன்னித்துவிட அதற்கு உரிமை இல்லை. விபத்தில் அடிபட்டு அவன் ஐசியூவில் கிடக்க, கண்ணாடிக்கு வெளியே நின்று அவள் எல்லாவற்றையும் மறந்துவிடும் காட்சியும் அப்படித்தான். அது இரக்கம். இரக்கத்தில் கல்யாணம் செய்து வைத்துவிட்டுச் சுபம் போட்டால், புத்தகத்தை மூடிய பிறகு அந்தப் பெண்ணை நினைத்து எனக்குக் கவலையாக இருக்கிறது. பழிவாங்க வருவது பெண்ணாக இருந்தாலும் இதே நியாயம்தான்.

அப்படியானால் மன்னிப்பு எப்படி வர வேண்டும்? நான் இரண்டு விஷயம் பார்ப்பேன். ஒன்று, பிடிபடுவதற்கு முன்னால் அவனாகச் சொன்னானா? அப்படிச் சொல்லியிருந்தால் பாதிக் கடன் தீர்ந்தது. நம் கதையில் அவன் சொல்லவில்லை, அதனால் பாதை நீளம். மற்றொன்று, பழிவாங்கியிருந்தால் கிடைத்திருக்கக் கூடியதை அவன் கைவிட்டானா? அப்பாவின் பெயரில் ஒட்டிய களங்கத்தைத் துடைக்க அவனிடம் ஓர் ஆதாரம் இருக்கிறது. அதை வெளியிட்டால் அவளுடைய பிறப்பும் ஊர் வாயில் விழும். அந்தக் காகிதத்தை அவள் கையில் கொடுத்து, "இதை என்ன செய்யணும்னு நீங்க சொல்லுங்க" என்று விட்டுவிட்டுப் போகிறான். மன்னிப்பும் கேட்கவில்லை, காத்திருக்கிறேன் என்றும் சொல்லவில்லை. தன் வாழ்க்கையின் ஒரே லட்சியத்தை அவள் தீர்ப்புக்கு விட்டுவிட்டான். இனி அவளுக்கு எவ்வளவு காலம் தேவையோ, கதை அவ்வளவு காலம் எடுத்துக்கொள்ளட்டும். இரண்டு மாதம் அவள் அவன் பெயரையே எடுக்காமல் இருக்கலாம். அந்த மௌனத்தை வாசகர்கள் பொறுத்துக்கொள்வார்கள், நம்புங்கள்.

தீக்குக் காரணமான அந்தப் பெரியவரை என்ன செய்வது என்றும் கேட்பீர்கள். அவரைச் சிறைக்கு அனுப்பலாம், வாக்குமூலம் கொடுக்க வைக்கலாம். எதுவானாலும் அவர் அவளுக்குக் காய்ச்சல் வந்தபோது விழித்திருந்த மனிதர் என்பதைக் கதை மறந்துவிடக் கூடாது. அவர் முழு வில்லனாகிவிட்டால் அவளுடைய 25 வருடமும் பொய்யாகிவிடும்.

புதிதாக வாசிப்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். இந்த வகைக் கதை ஒன்றை முடித்ததும், ரகசியம் தெரிந்துவிட்ட கண்ணோடு முதல் மூன்று அத்தியாயத்தை மறுபடி வாசியுங்கள். நன்றாக எழுதப்பட்டதென்றால், பெரியவர்கள் சட்டென்று பேச்சை மாற்றிய இடங்கள், பதில் வராத கேள்விகள், யாரோ அறையைவிட்டு எழுந்துபோன காரணம் எல்லாம் அங்கேயே இருக்கும். முதல் முறை நம் கண்ணில் படாமல் போயிருக்கும். இல்லையென்றால், ரகசியம் பாதியில் எழுத்தாளருக்குத் தோன்றியது என்று தெரிந்துவிடும்.

நம் கதையின் கடைசிக் காட்சியை நான் எழுதினால் கல்யாண மண்டபத்தில் வைக்க மாட்டேன். அதே வீடு, அதே ஆல்பம். அவள் நடுவில், ஒரு பக்கம் அத்தை, இன்னொரு பக்கம் கொஞ்சம் தள்ளி அவன். திறப்பு விழாப் படம் வருகிறது. அவள் அந்த ஓரத்தில் விரலை வைத்து, "இவரைப் பத்தி நீங்களே சொல்லுங்க" என்கிறாள் அவனிடம். அவனுக்குத் தெரிந்தது கொஞ்சம்தான், அதைச் சொல்கிறான். அவன் நிறுத்திய இடத்திலிருந்து அத்தை தொடங்குகிறாள். "எங்க அண்ணன் தொப்பியை நேரா வெச்சு நான் பார்த்ததே இல்ல. சாய்ச்சுத்தான் வைப்பான். கேட்டா, அப்பதான் வெயில் ஒரு கண்ணுல மட்டும் படும்னு சொல்வான்."